உள்ளூர் இதழுக்கு வாசகர் சேரவில்லையா? பிரதி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஊருக்குள் மாத இதழ் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பத்திரிகை அல்ல. ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்த 16 பக்கம், 300 முதல் 500 பிரதி வரை போகிற இதழ். கல்குளம், விளவங்கோடு பக்கம் நான் ஒன்பது வருஷமாக நடத்துவதும் அப்படி ஒன்றுதான். குமரி மாவட்டத்தில் நூலக வாசகர் வட்டம், இளைஞர் மன்றம், ஊர்ச்சங்கம் என்று பல பேர் ஆசையாகத் தொடங்குகிறார்கள். நாலாவது மாதம் போன் வரும்: "அண்ணே, இப்பம் யாரும் படிக்கதில்ல. நிறுத்திரலாம்னு பாக்கேன்."

படிக்க ஆள் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அச்சகத்தில் கட்டு பிரித்த நேரம் முதல் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கிறவரை ஒரு பிரதிக்கு நீண்ட வழி இருக்கிறது. அந்த வழியில் எங்கோ ஓர் இடத்தில் அது நின்றுவிடுகிறது. எங்கே என்று தெரியாமல் அட்டையை மாற்றுவது, விலையைக் குறைப்பது, கவிதையைக் கூட்டுவது எல்லாம் வீண் அலைச்சல்.

தொடங்கும் முன் இரண்டு காரியம். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஒவ்வொரு பிரதியும் யாரிடம், எந்தக் கடையில், எந்தத் தேதியில் போனது என்று எழுதுங்கள். அப்புறம், ஒரு மாதத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மாதத்தில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

கடையில் போட்ட கட்டு அப்படியே திரும்பி வருகிறது

திரும்பிய பிரதிகளை எடைக்குப் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதைவிட நம்பகமான சாட்சி நமக்குக் கிடையாது.

ஓரம் அச்சகத்தில் வெட்டியபடியே இருக்கிறது, அட்டையில் ஒரு விரல் தடம்கூட இல்லை என்றால் அந்தப் பிரதி யார் கையிலும் ஏறவே இல்லை. கோளாறு இடத்தில் இருக்கிறது. கடைக்குப் போய் நின்று பாருங்கள். வார இதழ்களுக்கு அடியில் கிடக்கும். இல்லையென்றால் கம்பியில் தொங்கும், அதற்கு முன்னால் ஷாம்பு சரம் தொங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். அடுக்கி வைத்த இதழில் கண்ணுக்குத் தெரிவது மேலே இரண்டு அங்குலம்தான். இதழின் பெயரை அட்டையின் நடுவில் போட்டிருந்தால் அது கடைசிவரை வெளியே தெரியாது. எங்கள் இதழின் பெயரை மேல் ஓரத்துக்கு ஏற்றினோம். அச்சகத்தில் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

கீழ் மூலையில் கட்டைவிரல் அழுக்கு இருக்கிறது, அட்டை லேசாக வளைந்திருக்கிறது, உள்பக்கம் மட்டும் சுத்தம். அப்படியென்றால் எடுத்திருக்கிறார், பார்த்திருக்கிறார், வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்டை அவரை நிறுத்தவில்லை. திருவள்ளுவர் சிலையும் சூரிய உதயமும் போட்டிருந்தீர்களா? 133 அடிச் சிலையை 2000 ஜனவரி 1-லிருந்து நம் ஊர்க்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு. உள்ளூர்க்காரரை நிறுத்த வேண்டுமென்றால், அவருக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். 'மாத்தூர் தொட்டிப்பாலத்தில் போகிற பட்டணங்கால் தண்ணீர் கடைசியில் யார் வயலில் பாய்கிறது?' என்று ஒரு மாதம் அட்டையில் போட்டோம், படமே இல்லாமல். அந்த மாதம் திரும்பிய கட்டு மெலிந்திருந்தது.

பின் தளர்ந்து, பக்கம் கசங்கி, சாயாக் கறையோடு வந்த பிரதியைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். கடையில் உட்கார்ந்து பத்துப் பேர் வாசித்திருக்கிறார்கள். யாரும் வாங்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடைக்கு விற்பனைப் பிரதியை இரண்டாகக் குறைத்துவிட்டு, ஒரு பிரதியை மேசைக்கென்றே இலவசமாகக் கொடுங்கள். மூலையில் துளை போட்டுச் சணல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் போதும். திருவட்டாறு பக்கம் ஒரு சாயாக்கடையில் எட்டு மாதம் அப்படித் தொங்கியது. அங்கே விற்றது ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருஷம் புதிதாகச் சந்தா கட்டியவர்களில் ஆறு பேரின் பெயருக்கு எதிரே அந்தக் கடையின் பெயரைத்தான் என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கடைக்காரர் பங்கை மாதாமாதம் கணக்கு முடித்துக் கையில் கொடுங்கள். பாக்கி நின்றால் நம் தலையைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடம், இதழைப் பார்த்தாலும் சங்கடம்.

சந்தா கட்டியவர் "இதழ் வரல்ல" என்கிறார்

அவரை நம்புங்கள். தபால்காரரைத் திட்டுவதற்கு முன் உங்கள் முகவரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

நம் மாவட்டத்தில் விளை என்று முடியும் ஊர் எத்தனை! ஒரே பெயரில் இரண்டு மூன்று விளைகூட உண்டு. "காட்டுவிளை, குமரி மாவட்டம்" என்று எழுதினால் அந்தப் பிரதி எங்கே போய்ச் சேரும்? 629 என்று தொடங்கும் முழு பின்கோடு வேண்டும். அதோடு எந்த அஞ்சலகம் என்பதும் வேண்டும், ஏனென்றால் ஒரே பின்கோட்டுக்குக் கீழே பல கிளை அஞ்சலகங்கள் வரும். வீட்டு எண் இல்லாத பழைய முகவரி என்றால் தகப்பனார் பெயரோ வீட்டுப் பெயரோ சேருங்கள். ஒரே தெருவில் இரண்டு ஜெயசீலன் இருப்பது இங்கே அதிசயமே அல்ல.

முகவரி சரி, ஆனாலும் வரவில்லை என்றால் சோதனைப் பிரதி போடுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒன்று, கடையாலுமூட்டில் தெரிந்தவருக்கு ஒன்று, ஆரல்வாய்மொழியில் ஒன்று. வந்த தேதியைக் கேட்டு நோட்டில் குறியுங்கள். இரண்டு மாதத்தில் எந்தப் பாதையில் தாமதம் என்று தெரிந்துவிடும்.

ஜூனிலும் ஐப்பசியிலும் மட்டும் புகார் கூடுகிறதா? அப்படியென்றால் மழை. நமக்கு இரண்டு மழைக்காலம். இங்க்ஜெட்டில் அச்சடித்த முகவரிச் சீட்டு ஒரு தூறலில் கரைந்து போகும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், இல்லை லேசர் அச்சில் எடுங்கள்.

பதிவு அஞ்சலில் அனுப்பலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது 2025-இல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. 10 ரூபாய் இதழை அதில் அனுப்பக் கட்டுப்படியாகாது. முறையாகப் பதிவு செய்த இதழுக்கு அஞ்சலில் சலுகைக் கட்டணம் உண்டு. 1867-ஆம் ஆண்டின் பழைய அச்சுச் சட்டம் போய், 2023-இல் வந்த புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அலைச்சல் பழையபடி இல்லை, தள்ளிப்போடாதீர்கள்.

முதல் இதழ் தீர்ந்துபோனது, மூன்றாவது இதழுக்கு ஆள் இல்லை

முதல் இதழை வாங்கியது வாசகர் அல்ல, சித்தப்பாவும் கூடப் படித்தவரும் பக்கத்து வீட்டு மாமியும். கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோல அன்பால் வாங்கினார்கள். அந்த அன்பு ஒரு தடவைக்குத்தான் வரும், அதில் தப்பில்லை.

நோட்டில் பெயருக்கு எதிரே குறி போடுங்கள்: உறவு, தெரிந்தவர், தெரியாதவர். தெரியாதவர் கணக்கை மட்டும் மாதாமாதம் கூட்டிப் பாருங்கள். எங்கள் முதல் இதழ் 400 போனது, அதில் தெரியாதவர் 31 பேர். ஆறாவது இதழ் 220-க்கு இறங்கியபோது தெரியாதவர் 74. எல்லோரும் இதழ் விழுகிறது என்றார்கள். நோட்டைப் பார்த்துத்தான் ஏழாவதை அச்சுக்குக் கொடுத்தேன்.

வாங்குகிறார்கள், ஆனால் படிப்பதில்லை

"இதழ் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கு வெந்திருந்தாலும் கொள்ளாம், வேகாவிட்டாலும் விருந்தாளியாகப் போனவர் கொள்ளாம் என்றுதான் சொல்லுவார். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இப்படிக் கேளுங்கள்: "இதுல ஏதாவது ஒண்ண வீட்டுல யாருக்காவது வாசிச்சுக் காட்டினீங்களா?" வாசித்துக் காட்டியிருந்தால் எந்தப் பக்கம் என்று உடனே சொல்லுவார். இல்லையென்றால் முகம் சொல்லிவிடும். மாதம் பத்துப் பேரிடம் கேட்டு, பக்க எண்ணை நோட்டில் குறியுங்கள். மூன்று மாதம் ஒருவர்கூடச் சொல்லாத பக்கம் எது என்று பாருங்கள். எங்களுக்கு அது இரண்டாம் பக்கம். நான் எழுதிய தலையங்கம்.

காரணம் பெரும்பாலும் முதல் பத்தியில் இருக்கும். ரப்பர் பற்றி எங்களுக்கு வந்த கட்டுரை ஒன்று இப்படித் தொடங்கியது: 'இன்றைய உலகப் பொருளாதாரத்தில் இயற்கை ரப்பரின் பங்கு இன்றியமையாததாகும்.' குலசேகரத்தில் விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுகிறவருக்கு இந்த வரி எதற்கு? அதே கட்டுரையின் நாலாவது பத்தியில் ஒரு வரி கிடந்தது: 'மழை பிடிக்கும் முன் மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிட்டால் ஜூன் மாதத்திலும் பால் வெட்டலாம்.' அதை மேலே தூக்கி வைத்தோம், முன்னால் இருந்த மூன்று பத்தியை எடுத்தோம். அந்தப் பக்கத்தைக் கிழித்து ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் ஒட்டி வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

அடுத்து, சொல். கறி வைக்கும் குறிப்பில் மரவள்ளிக்கிழங்கு, பலாப்பழம் என்று எழுதினால் அது வேறு ஊர் இதழ். இங்கே மரச்சீனி, சக்கை. நல்லமிளகு என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் மிளகு என்று எழுதினால், வத்தலா (காய்ந்த மிளகாயா) நல்லமிளகா என்று பெரியவர்கள் கேட்பார்கள். எழுத்து நடை பொதுவாக இருக்கட்டும். பொருளின் பெயர் மட்டும் வீட்டில் சொல்கிற பெயராக இருக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கடைசியாக, எழுத்தின் அளவு. பக்கத்தை மிச்சம் பிடிக்க 9 புள்ளியில் அடித்திருப்பீர்கள். நம் வாசகரில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நாற்பது வாட் பல்பின் கீழே 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். 12 புள்ளிக்குப் போங்கள். விஷயம் குறையும், குறையட்டும்.

ஒருவர் கோபமாக வந்தார்

இதை நான் கோளாறாகவே எண்ணுவதில்லை. ஆனாலும் சரிசெய்யாவிட்டால் ஒரு ஊரே போய்விடும்.

நாலு வருஷத்துக்கு முன்பு மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஒரு குறிப்புப் போட்டோம். 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் மாவட்டத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது' என்று எழுதியிருந்தேன். இதழ் வந்த மூன்றாம் நாள் குளச்சலிலிருந்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த இதழை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். அந்த வரியின் அடியில் பேனாவால் இரண்டு கோடு.

"மக்ளே, இது சின்னமுட்டத்துக்கு உள்ள கணக்கு. எங்களுக்கு ஜூன் ஒண்ணுலதான் தொடங்கும், ஜூலை கடைசி வரைக்கும் இருக்கும். ஒரே மாவட்டத்துல ரெண்டு கடலு இருக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதே சரி. சின்னமுட்டம் இருக்கும் கிழக்குக் கரைக்கு ஒரு தடைக்காலம், குளச்சல் இருக்கும் மேற்குக் கரைக்கு வேறு. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டும் இருக்கின்றன. நான் நாளிதழில் பார்த்த தேதியை நம்பி எழுதிவிட்டேன். அவரை உட்காரவைத்து சாயா வாங்கிக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

திருத்தம் போடும்போது கடைசிப் பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள். தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். யார் திருத்தினார் என்பதை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். அடுத்த மாதம் குளச்சலுக்கு 15 பிரதி கூடுதலாகப் போனது, ஒன்றும் திரும்பவில்லை. அன்றுமுதல் கடல் சம்பந்தப்பட்ட எதையும் கடற்கரைக்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை. வயலுக்கும் அப்படித்தான், ரப்பருக்கும் அப்படித்தான்.

மார்த்தாண்டம் பக்கம் போகிறது, தோவாளை பக்கம் போகவில்லை

எங்களுக்கு இது இரண்டு வருஷம் புரியாமல் இருந்தது. பழைய இதழ்களைத் தரையில் பரப்பி, பக்கத்துக்குப் பக்கம் எந்த ஊர்ப் பெயர் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஓர் இதழில் மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு பக்கத்து ஊர்கள் 22 இடத்தில், தோவாளை இருக்கும் நாஞ்சில் நாட்டு ஊர்கள் மூன்றே இடத்தில். ரப்பரும் சக்கையும் தேனும் நிறைய. கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற நெல் போகங்கள் எங்கேயும் இல்லை. தன் ஊர்ப் பெயரே வராத இதழை ஒருவர் எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

நேரமும் ஒரு காரணம். தோவாளை பூச்சந்தை விடியுமுன்னே கூடிவிடும். வெயில் ஏறிப் பத்து மணிக்கு இதழோடு போனால் வெறும் தரையைத்தான் பார்க்கலாம். ரப்பர் வெட்டுகிறவர்களுக்கோ, பால் எடுத்து உறையூற்றி முடித்து மத்தியானத்துக்குமேல்தான் ஓய்வு. எந்த ஊருக்கு எந்த நேரம் என்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எழுத ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். பூக்கட்டுகிற அக்காவிடம் போய் "கட்டுரை தாங்க" என்றால் பயந்துவிடுவார். "பங்குனியில பிச்சிப்பூ வெல ஏன் ஏறுது?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லி, கேட்டு எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, அவர் பெயரிலேயே போடுங்கள். அவர் தெருவுக்கே பத்துப் பிரதி போகும்.

செய்தி பழசாகத் தெரிகிறது

மாத இதழ் செய்தி சொல்லப் போகக் கூடாது. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அன்று மத்தியானமே எல்லார் போனிலும் வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அதையே நாம் அட்டையில் போட்டால் யார் எடுப்பார்கள்? போனில் வராதது எது என்று பாருங்கள். மட்டிக் கன்று எங்கே நல்லதாகக் கிடைக்கும், சின்னக் குழந்தைக்கு ஏன் மட்டியைக் கொடுக்கிறோம், இப்போது யார் தோட்டத்தில் நிற்கிறது. இவற்றை மட்டும் போட்டோம்.

வாட்ஸப்பில் இதழ் வந்த தகவலை அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் போட்ட செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். 200 பேருக்கு அனுப்பியும் சத்தமே இல்லையென்றால் முதலில் இதைக் கேளுங்கள். சந்தா ரசீதிலேயே "இந்த எண்ணை போனில் பதிந்துகொள்ளுங்கள்" என்று அச்சடித்துவிட்டோம்.

எழுத்து உடைந்து அச்சாகிறது

'கொல்லம்' என்று அடித்தது 'காெல்லம்' என்று வருகிறதா? அச்சகத்தில் யூனிகோடு எழுத்தைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். நீங்களே பக்கம் கட்டி, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடுங்கள். மெய்ப்பைத் தாளில் எடுத்துப் பாருங்கள். 'ஸ்ரீ', 'ஔ', ஒகர ஓகாரக் கொம்புகள் இவற்றைத் தேடித் தேடிப் பாருங்கள்.

இடையில் நின்றுவிட்டது

உடம்புக்கு முடியாமல், பணம் இல்லாமல் நிற்கத்தான் செய்யும். நாகர்கோவிலில் 1988-இல் தொடங்கிய காலச்சுவடு இலக்கிய இதழே இடையில் நின்று 1994-இல் மறுபடி வந்ததுதான். நின்ற மாதங்களுக்கு உரிய சந்தாவை என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தபால் அட்டையிலாவது எழுதிப் போடுங்கள். நாங்கள் நாலு மாதம் நின்றோம், நாலு மாதம் சந்தாவை நீட்டிக்கொடுத்தோம். பணத்தைத் திருப்பிக் கேட்டது இரண்டு பேர்தான்.

பிரதி போதவில்லை

இது வந்தவுடன் 500-ஐ 1000 ஆக்கிவிடாதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா மாதத்திலும் மண்டைக்காடு கொடை மாதத்திலும் எப்போதுமே கூடுதலாகப் போகும், அதை நம்பி அச்சடித்தால் கட்டு வீட்டில் கிடக்கும். திருவிழா இல்லாத மாதம் ஒன்றில் 20 பிரதி கூட்டிப் பாருங்கள். திரும்பி வருவது ஐந்துக்குள் நின்றால் அடுத்த மாதம் இன்னும் 20. ஐந்தைத் தாண்டினால் திரும்பிய பிரதிகளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்து மூலையைப் பாருங்கள்.